வழிக்காவல்

எங்கள் பக்கத்தில் பைத்தியத்துக்குக் கோட்டி என்று பெயர். கோட்டி தெளிய மூன்று இடம் உண்டு என்று என் சிறு வயதில் பெரியவர்கள் சொல்லுவார்கள். முதலில் குற்றாலம். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, எலுமிச்சம்பழத்தை உச்சியில் வைத்து அரக்கி, அருவியில் தலையைக் கொடுக்க வைப்பார்கள். அடுத்தது சங்கரன்கோவில். கோமதி அம்மன் சன்னதிக்கு முன்னால் உள்ள சக்கரக் குழியில் உட்கார வைத்து, நெற்றியில் புற்றுமண் பூசிக் காத்திருப்பார்கள். இரண்டிலும் தெளியவில்லை என்றால் சென்னையில் கீழ்ப்பாக்கம். குற்றாலத்துக்கும் சங்கரன்கோவிலுக்கும் போனவர்கள், தெளிந்தோ தெளியாமலோ, வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். கீழ்ப்பாக்கம் போய்த் திரும்பியவர் என்று எங்கள் தெருவில் ஒருவரையும் காட்ட முடியாது. அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள இடம். எங்களில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் தாமிரபரணிக் கரையில் அது ஒரு வசவாக வாழ்ந்துகொண்டிருந்தது.

நான் அங்கே பதினேழு தடவை போயிருக்கிறேன். 1979ல் திருநெல்வேலி ஆயுதப்படையில் காவலனாகச் சேர்ந்து 2014ல் சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றேன். எங்கள் வேலையில் பெரும்பங்கு வழிக்காவல்தான். பேச்சில் எஸ்கார்ட் டூட்டி என்போம். கைதியைச் சிறையிலிருந்து கோர்ட்டுக்கும், கோர்ட்டிலிருந்து சிறைக்கும், நோய் வந்தால் ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போய்ச் சேர்ப்பது. புறப்படும்போது ரைட்டர் ஒரு தாள் தருவார். அதற்குப் பாஸ்போர்ட் என்று பெயர். இன்னார், இன்ன வேலையாக, இன்ன நேரத்துக்குப் புறப்பட்டார் என்று அதில் இருக்கும். வேலை முடிந்ததும் திரும்பிய நேரத்தை எழுதி ஒப்படைக்க வேண்டும். கீழ்ப்பாக்கத்துக்குக் கைதியைக் கொண்டுபோகும்போதும் அதே தாள்தான். நாங்கள் திரும்பும் நேரத்துக்கு அதில் இடம் இருந்தது. அவன் திரும்பும் நேரத்துக்கு எந்தத் தாளிலும் இடம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இந்த வழியை யார் போட்டார்கள், எதற்காகப் போட்டார்கள் என்று ஓய்வு பெற்ற பிறகுதான் தேட ஆரம்பித்தேன். பழைய வக்கீல் ஒருவர் தன் அலமாரியைத் திறந்துவிட்டார். பாளையங்கோட்டை நூலகத்தில் மீதியைப் பார்த்தேன்.

கதை லண்டனில் ஒரு நாடகக் கொட்டகையில் தொடங்குகிறது. 1800ஆம் வருஷம் மே மாதம், டுரூரி லேன் அரங்கில் ராஜா மூன்றாம் ஜார்ஜ் வந்து நின்றபோது ஜேம்ஸ் ஹாட்ஃபீல்ட் என்ற பழைய சிப்பாய் அவரைக் குறிவைத்துச் சுட்டான். குண்டு தவறிவிட்டது. போரில் தலையில் வாள்வெட்டு வாங்கியவன் அவன். அரசாங்கம் தன்னைக் கொன்றால் உலகத்துக்கு மீட்பு வரும் என்று நம்பியிருந்தான். சித்தம் கலங்கியவன் என்று நீதிமன்றம் அவனை விடுவித்தது. அன்றைய சட்டப்படி விடுதலையானவன் வீட்டுக்குப் போகலாம். ராஜாவைச் சுட்டவனை எப்படி வீட்டுக்கு அனுப்புவது? அவசர அவசரமாக அதே ஆண்டில் ஒரு சட்டம் போட்டார்கள். பைத்தியத்தால் குற்றம் செய்தவன் என்று விடுவிக்கப்பட்டவனை, மன்னருக்கு விருப்பம் உள்ளவரை அடைத்து வைக்கலாம். தண்டனைக்கு ஒரு முடிவு தேதி உண்டு. விருப்பத்துக்குத் தேதி கிடையாது. ஹாட்ஃபீல்ட் அடைப்பிலேயே செத்தான்.

1843 ஜனவரியில் டானியல் மெக்நாட்டன் என்பவன் பிரதமர் பீலின் செயலர் டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றான். பிரதமரின் கட்சிக்காரர்கள் தன்னை ஊர் ஊராகத் துரத்துகிறார்கள் என்று அவனுக்கு நினைப்பு. அந்த வழக்கையொட்டி நீதிபதிகள் ஒரு விதி வகுத்தார்கள். தான் செய்வது இன்னதென்றோ, அது தவறென்றோ அறிய முடியாத அளவுக்கு மனநோய் இருந்ததா என்று கேட்பதே அந்த விதி. 1860ல் எழுதி 1862 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அது 84ஆம் பிரிவானது. இன்றைக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவில் 22ஆம் பிரிவு.

அதே 1843ல்தான் எங்கள் ஊரில் சுலோசன முதலியார் பாலம் கட்டி முடிந்தது. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்ததாராக இருந்த மனிதர் செலவில் பெரும்பங்கைத் தன் கையிலிருந்து போட்டார். அதற்கு முன் ஆற்றில் வெள்ளம் வந்தால் பாளையங்கோட்டைக்காரன் அந்தக் கரை, திருநெல்வேலிக்காரன் இந்தக் கரை. இரண்டு விஷயத்துக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. ஆனால் கைதியோடு அந்தப் பாலத்தை எத்தனையோ தடவை கடந்தவன் நான். பாலம் என்றால் போகவும் வேண்டும், வரவும் வேண்டும். அந்த ஆண்டு லண்டனில் போட்ட விதியில் வருவதற்கான பாதி இல்லை.

சென்னையில் ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது. 1794ல் வாலண்டைன் கானலி என்ற கம்பெனி டாக்டர் புரசைவாக்கம் பக்கம் 16 பேருக்காக ஒரு விடுதி தொடங்கினார். 1858ல், கிளர்ச்சி அடங்கி ராணியின் ஆட்சி வந்த கையோடு, பைத்தியக்கார விடுதிகளுக்கான சட்டம் வந்தது. 1871ல் கீழ்ப்பாக்கத்தில் லோக்காக் தோட்டம் என்ற இடத்தில் 145 பேரோடு பெரிய விடுதி திறந்தார்கள். மாகாணத்தில் கோழிக்கோட்டிலும் வால்டேரிலும் இன்னும் இரண்டு. தெற்குக் கோடிக்கு எதுவும் இல்லை. மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் ஊளம்பாறை இருந்தது. ஆனால் அது திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை. பிரிட்டிஷ் சீமைக் கைதிக்கு அது ஆகாது. 1876ல் திருநெல்வேலிக்கு ரயில் வந்தது. அதற்கு முன் இங்கிருந்து போனவர்கள் வண்டியிலும் கால்நடையாகவும்தான் போயிருக்க வேண்டும். காலில் விலங்கோடு.

பாளையங்கோட்டையின் நல்ல மனசைக் குறை சொல்ல முடியாது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆஸ்க்வித் அம்மையார் கண் தெரியாத பிள்ளைகளுக்கும், பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்கும் இங்கே பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார்கள். நாடெங்கும் இருந்து பிள்ளைகள் வந்தார்கள். கோட்டி பிடித்தவனுக்கு மட்டும் இந்த ஊரில் யாரும் ஒரு கதவைத் திறக்கவில்லை. அவனுக்கு வழி வடக்கே காட்டியாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள் போலும்.

1912ல் இந்தியப் பைத்தியச் சட்டம் வந்தது. அதன் பின்னணியைக் கீழ்ப்பாக்கத்தின் டாக்டர் ஓ. சோமசுந்தரம் 1987ல் ஒரு கட்டுரையாக எழுதியிருக்கிறார். அந்தச் சட்டம் ஒரு சொல்லை வரையறை செய்து வைத்தது: குற்றப் பைத்தியம். இரண்டு வசவை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய பெயர். 1980களில் நாங்கள் கையில் வாங்கிய தாள்களிலும் அதேதான் இருந்தது. ஊர், தகப்பனார் பெயர், குற்ற எண், அப்புறம் அந்தச் சொல்.

1986ல் ஒருவனைக் கொண்டுபோனேன். ஆற்றங்கரைக் கிராமம். வாழைத்தோட்ட வேலை. அண்ணன் தன் சோற்றில் விஷம் வைக்கிறான் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், ஒரு நாள் மண்வெட்டியால் அடித்துவிட்டான். அந்த ஆறு மாதமும் அவனைக் குற்றாலத்துக்கும் தர்காவுக்கும் கூட்டிப் போனார்களே தவிர, ஊசி மாத்திரை என்று ஒரு இடத்துக்குப் போகவில்லை. அதற்குத் தோதான இடம் பக்கத்தில் இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. வழக்கை நடத்தும் நிலையில் அவன் இல்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது. அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 328லிருந்து 339 வரை உள்ள பிரிவுகள் இதற்கென்றே இருந்தன. தெளிந்த பிறகு விசாரிக்கலாம், அதுவரை பாதுகாப்பில் வைக்க வேண்டும்.

திருநெல்வேலி ஜங்ஷனுக்கு அவன் அம்மா வந்திருந்தாள். இறந்ததும் அவள் பிள்ளை, போகிறவனும் அவள் பிள்ளை. கையில் ஒரு பாட்டிலில் ஆற்றுத் தண்ணீர்.

"எய்யா, ஏட்டையா, இவன எப்பம் திரும்பக் கூட்டியாருவிய?"

"தெளிஞ்சதும் வந்துருவான் ஆத்தா" என்றேன். எனக்குத் தெரியாது. அவள் கேட்டதற்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

நெல்லை எக்ஸ்பிரஸ்ஸில் ஜன்னலோரம் அவன், பக்கத்தில் நான், எதிரே இரண்டு பேர். அவன் கையில் விலங்கு, விலங்கிலிருந்து ஒரு நீளச் சங்கிலி என் இடுப்பு பெல்ட்டுக்கு. கக்கூஸுக்குப் போனாலும் கதவைச் சாத்த முடியாது. சங்கிலி இடையில் இருக்கும். 1980லேயே உச்சநீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர், பிரேம் சங்கர் சுக்லா வழக்கில், கைவிலங்கை வழக்கமாக மாட்டக் கூடாது, வேறு வழியே இல்லையென்றால் காரணத்தை எழுதி வைத்துத்தான் மாட்டலாம் என்று சொல்லிவிட்டார். எங்களுக்கும் அதைப் படித்துக் காட்டினார்கள். ஆனால் கைதி ஓடிவிட்டால் வேலை போய்விடும் என்ற பயம் என் வயிற்றில் இருந்தது. நான் மாட்டினேன். மணியாச்சி, கோவில்பட்டி, விருதுநகர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் "இது எந்த ஊரு அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். திண்டுக்கல் தாண்டி எரிச்சலில் "எதுக்குலே கேக்க?" என்று அதட்டிவிட்டேன். "திரும்பி வரும்போது எறங்கணும்லா, வரிசை தெரியணும்" என்றான். அதற்குப் பிறகு எழும்பூர் வரைக்கும் நானே ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

கீழ்ப்பாக்கத்தில் மேடவாக்கம் குளச் சாலையில் அந்தப் பெரிய வாசல். உள்ளே வேப்ப மரங்களும், ஓட்டுக் கட்டடங்களும், 1800 படுக்கைகளும். ஊரில் வசவாகக் கேட்ட இடத்தை நேரில் பார்த்தபோது அங்கே டாக்டரும் நர்சும் சாப்பாட்டு மணியும் இருந்தன. பழைய வார்டர்கள் "அம்மா காலத்துல" என்று பேச்சை ஆரம்பிப்பார்கள். அம்மா என்றால் டாக்டர் சாரதா மேனன். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர். 1961லிருந்து 1978 வரை அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர். மருந்து பாதி, வீட்டார் பாதி என்ற நினைப்பு உள்ளவர். ஓய்வுக்குப் பிறகு 1984ல் ஸ்கார்ஃப் என்ற ஆராய்ச்சி அமைப்பைத் தொடங்கினார். 2021ல் 98 வயதில் காலமானார். எங்கள் தாள்களில் இருந்த அந்த இரட்டை வசவை வார்டர்கள் யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. "இது யாரு, திருநெல்வேலியா?" என்று அவனைக் கேட்டார்கள். அவன் சிரித்தான். தண்ணீர் பாட்டிலை மட்டும் கடைசி வரை கொடுக்கவில்லை.

திரும்பும்போது என் பெல்ட்டில் அந்தச் சங்கிலி சும்மா தொங்கியது.

சங்கிலி எங்கள் பக்கத்துக்குப் புதிது அல்ல. காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் சங்கிலி பூதத்தார் இருக்கிறார். ஆடி அமாவாசைக்குச் சாமியாடிகள் கனத்த சங்கிலியை எடுத்துத் தங்கள் மேலேயே அடித்துக்கொள்வார்கள். அது அவர்களாக எடுத்துக்கொள்வது, அடித்து முடித்ததும் கீழே வைத்துவிடுவது. இன்னொரு சங்கிலி உண்டு. கோயில், தர்கா, மாதாகோவில் என்று எங்கெங்கோ, மரத்திலும் தூணிலும் பிள்ளைகளைப் பெற்றவர்களே பூட்டி வைத்த சங்கிலி. அந்தப் பெற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் பயத்தில்தான் பூட்டினேன். அவர்களும் பயத்தில்தான் பூட்டினார்கள்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. கட்டிலோடும் கம்பத்தோடும் சங்கிலியால் பூட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். எங்கள் நாங்குநேரிப் பக்கத்திலும் ஏர்வாடி என்று ஓர் ஊர் உண்டு. அன்று காலை முழுக்க வெளியூர்ச் சொந்தக்காரர்களிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. நம்ம ஏர்வாடி இல்லை, அந்த ஏர்வாடி என்று சொல்லிச் சொல்லி எனக்கு வெட்கமாகிவிட்டது. எந்த ஏர்வாடியானால் என்ன? உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அப்படிப்பட்ட விடுதிகள் மூடப்பட்டன. பின்னாளில் அந்தத் தர்கா வாசலிலேயே அரசு மனநல மருத்துவர்கள் உட்கார்ந்து, துவா ஒரு பக்கம், தவா ஒரு பக்கம் என்று மருந்து தர ஆரம்பித்தார்கள். குஜராத்தில் மீரா தாதர் தர்காவில் தொடங்கிய முறை அது. நம்பிக்கையோடு வருகிறவனை விரட்டாமல், அவன் வந்து நிற்கிற இடத்துக்கு டாக்டர் போவது. இதை 1986ல் யாராவது செய்திருந்தால் அந்தத் தாய்க்கு இரண்டு பிள்ளைகளும் இருந்திருப்பார்கள்.

இப்போது 1991ல் போன ஒரு பயணத்தைச் சொல்ல வேண்டும்.

சின்னப் பெண். பிரசவித்து இருபது நாள் கூட ஆகாத நேரத்தில் குழந்தையைக் கிணற்றில் போட்டுவிட்டாள். பிள்ளையின் வயிற்றுக்குள் நெருப்பு எரிகிறது, தண்ணீரில் போட்டால் அணையும் என்று யாரோ காதில் சொன்னார்களாம். போட்டுவிட்டு, நெருப்பு அணைந்துவிட்டது என்று எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு வருகிற நோய் இது. ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு என்கிறார்கள். இங்கிலாந்தில் பிராட்மூர் என்ற குற்றவழி மனநல ஆஸ்பத்திரி 1863 மே மாதம் திறந்தபோது, அதன் முதல் நோயாளியே குழந்தையைக் கொன்ற ஒரு தாய்தான். அந்த நாடு 1922லும் 1938லும் இதற்கென்று தனிச் சட்டம் போட்டு, பிரசவத்தால் மனம் குலைந்த தாயின் குற்றத்தைக் கொலைக்குக் கீழே இறக்கி வைத்தது. நம்மிடம் அப்படி ஒரு பிரிவு அன்றும் இல்லை, புதிய சன்ஹிதாவிலும் இல்லை. எங்கள் தாளில் அவள் பெயருக்கு எதிரே கொலைக்கான 302 என்று இருந்தது.

பெண் கைதி என்பதால் கூட ஒரு பெண் காவலர். தமிழ்நாட்டில் 1973லிருந்து பெண் போலீஸ் உண்டு. இவர் இரண்டு பிள்ளை பெற்றவர். கைதி பேசவே இல்லை. விருதுநகர் வரும்போது பெண் காவலர் என் தோளைத் தட்டி, "அண்ணாச்சி, கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க" என்றார். அப்போதுதான் கவனித்தேன். அவள் சேலை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. பால். குழந்தை போனது உடம்புக்குத் தெரியவில்லை. பால் கட்டிக்கொண்டு காய்ச்சலும் அடித்தது.

மதுரையில் வண்டி நின்றதும் பெண் காவலர் இறங்கி ஓடினார். நாலு முழம் மல்லிகையோடு திரும்பினார். ஒரு போர்வையை எங்களிடம் கொடுத்து மறைப்பாகப் பிடிக்கச் சொன்னார். முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு துப்பாக்கிக்காரர்கள் போர்வை பிடித்து நின்றோம். உள்ளே அவர் அந்தப் பெண்ணின் மார்பில் பூவை வைத்துத் துணியால் கட்டினார். பால் வற்ற எங்கள் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகச் செய்கிற வைத்தியம். அப்போதுதான் அவள் முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"பிள்ள எங்கக்கா?"

பெண் காவலர் பதில் சொல்லவில்லை. முடிச்சை மட்டும் தளர்த்தி மறுபடி கட்டினார். விழுப்புரம் வரைக்கும் அவள் அவர் மடியில் தூங்கினாள். அன்றைக்கு யாரும் விலங்கைப் பற்றிப் பேசவில்லை. பையை விட்டு நான் அதை எடுக்கவே இல்லை.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த என் மகள் இப்போது இங்கிலாந்தில் மனநலச் செவிலியர். கோர்ட் அனுப்புகிற நோயாளிகள் இருக்கும் பூட்டிய வார்டில் வேலை. அவள்தான் ஒரு நாள் போனில், "அப்பா, அந்த மல்லிகைப்பூ வைத்தியத்த வேலூர்ல ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க" என்றாள். 1988ல் வந்த ஆய்வு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் பால் வற்றுவதற்கான மாத்திரையையும் மல்லிகைப்பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனை மாத்திரைதான் அதிகம் குறைத்தது. ஆனால் தாய்க்குக் கிடைத்த பலனில் பூவும் மாத்திரைக்குச் சரியாக நின்றது. மதுரை பிளாட்பாரத்தில் ஓடிய அந்தப் பெண் காவலருக்கு இதைச் சொல்ல ஆசை. அவர் இப்போது இல்லை.

மகள் வேலை செய்கிற இடத்தில் சேஃப்வார்ட்ஸ் என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். லண்டனில் பேராசிரியர் லென் பவர்ஸ் குழு உருவாக்கியது. 15 ஆஸ்பத்திரிகளில் 31 வார்டுகளில் சோதித்து 2015ல் முடிவை வெளியிட்டார்கள். சண்டை சச்சரவு 15 சதவீதம் குறைந்தது. கட்டிப்போடுவது, பூட்டிவைப்பது, பலவந்தமாக ஊசி போடுவது ஆகியவை 26 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. அவை சாதாரண மனநல வார்டுகள். பிறகு கோர்ட் நோயாளிகள் வார்டுகளிலும் அதைக் கொண்டுவந்தார்கள். பெரிய கருவி ஏதும் இல்லை. வேலை செய்கிறவர்களும் நோயாளிகளும் தங்களைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிப் பொதுவில் வைப்பது: பிடித்த பாட்டு, பிடித்த சாப்பாடு. கெட்ட சேதி வரும்போது, அது அவர் காதில் விழும் முன்னால் பக்கத்தில் ஆள் இருப்பது. குணமாகிப் போகிறவர் பின்னால் வருகிறவருக்கு ஒரு வரி எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போவது. "ஒட்டின தாளத்தான் எல்லாரும் முதல்ல பாப்பாங்கப்பா. இங்கேருந்து வெளிய போனவங்க இருக்காங்கன்னு தெரியணும்லா" என்றாள் மகள். வண்டியில் ஸ்டேஷன் பெயர் கேட்டவன் நினைவுக்கு வந்தான்.

நம் நாட்டிலும் ஆராய்ச்சி இல்லாமல் இல்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ்காரர்கள் பரப்பன அக்ரஹாரா சிறையில் 5024 கைதிகளை ஒவ்வொருவராகப் பார்த்து 2011ல் அறிக்கை தந்தார்கள். போதைப் பழக்கத்தைச் சேர்க்காமலே நூற்றில் 27 பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநோய் இருந்தது. அதாவது நான் கீழ்ப்பாக்கம் கொண்டுபோன ஒவ்வொருவனுக்கும், கண்ணில் படாமல் சிறைகளிலேயே இருந்துவிட்டவர்கள் எத்தனை பேரோ. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் கூடாது என்று தடுத்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவில் மனநல நிலையம் வேண்டும் என்றது. குற்றப் பைத்தியம் என்ற சொல் அதில் இல்லை. மனநோய் உள்ள கைதி என்று இருக்கிறது. 1996ல் திருச்சி உட்பட நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் எங்கள் மாவட்டத்துக்கும் வந்துவிட்டது. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. கோட்டி என்று ஒருவனை ஊர் சொல்ல ஆரம்பித்த முதல் வாரத்திலேயே டவுன் பஸ்ஸில் கொண்டு போகலாம்.

திரும்பி வரும் பாதிதான் இன்னும் சரியாகவில்லை. 84ஆம் பிரிவில் விடுதலையானவனைப் பாதுகாப்பில் வைக்க வேண்டும், அல்லது உறவினரோ நண்பரோ ஜாமீன் எழுதிக் கேட்டால் ஒப்படைக்கலாம் என்றது பழைய நடைமுறைச் சட்டத்தின் 335. புதிய நடைமுறைச் சட்டத்திலும் இதே ஏற்பாடுதான். கேட்க யாரும் வராவிட்டால்? 1982ல் வீணா சேத்தி வழக்கில், பீகாரின் ஹசாரிபாக் சிறையில் தெளிந்த பிறகும் இருபது முப்பது வருஷம் கிடந்தவர்களை உச்சநீதிமன்றம் கண்டது. அசாமில் மச்சல் லாலுங் என்பவர் 1951ல் கைதானார். 1967ல் அவருக்கு நோய் இல்லை என்று தேஜ்பூர் மனநல ஆஸ்பத்திரியில் எழுதிவிட்டார்கள். வீட்டுக்குப் போக வேண்டியவர் சிறைக்குப் போனார். 2005ல் வெளியே வந்தபோது 54 வருஷம் ஆகியிருந்தது. விசாரணை ஒரு நாள் கூட நடக்கவில்லை. தாய்மொழியும் மறந்துபோயிருந்தது.

கிணற்றுப் பெண் சீக்கிரம் தெளிந்தாள். இந்த நோய் மருந்துக்குக் கட்டுப்படும். வீட்டுக்காரர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். அக்கா வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போனதாகக் கேள்விப்பட்டேன். பீடி சுற்றிப் பிழைத்தாள் என்றார்கள்.

வாழைத்தோட்டக்காரன் கதை அப்படி அல்ல. மூன்றாம் வருஷமே வழக்கை நடத்தும் நிலைக்கு வந்துவிட்டான் என்று டாக்டர்கள் எழுதி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாள் வழியில் ஏதோ ஒரு அலுவலகத்தில், ஏதோ ஒரு கட்டுக்கு அடியில் தங்கிவிட்டது. எந்த அலுவலகம் என்பதை நான் சொல்லப் போவதில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. அவனுக்காக அந்தப் படியேறிக் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அம்மா இரண்டு வருஷம் கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு இறந்துபோனாள். 1995ல் ஓர் இளம் வக்கீல் வேறு வழக்குக்காகப் பழைய கட்டைப் புரட்டியபோது இது கையில் விழுந்தது. அவனை அழைத்துவரும் வழிக்காவல் என் பெயருக்கு வந்தது. கேட்டு வாங்கினேன் என்றும் சொல்லலாம்.

தலை முழுக்க நரைத்திருந்தான். என்னை அடையாளம் தெரியவில்லை. விலங்கு போடவில்லை. காரணத்தை எழுதித் தர வேண்டும் என்றால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ராத்திரி முழுக்க அவன் தூங்கவில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். திண்டுக்கல் தாண்டியதும் வாய்க்குள் ஏதோ முனகினான். காதைக் கொடுத்துக் கேட்டேன். மதுரை, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, மணியாச்சி.

வழக்கு ஆறு மாதத்தில் முடிந்தது. 84ல் விடுதலை. அக்காள் மகன் ஜாமீன் எழுதினான். ஆனால் அது பிறகு நடந்தது. அன்று காலை ஜங்ஷனில் இறங்கியபோது மணி 6.15. பாளையங்கோட்டை சிறைக்குப் போகும் வழியில் பாலத்துக்கு முன்னால், "அண்ணாச்சி, ஆத்துல தண்ணி கெடக்கா?" என்று கேட்டான். கூட வந்த காவலரைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாலத்தைக் கடந்து கொக்கிரகுளம் படித்துறையில் இறங்கினோம். சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்துவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் போய் நின்றான். முங்கவில்லை. வெகு நேரம் சும்மா நின்றுகொண்டிருந்தான். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்கள் காக்கியைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தார்கள். அப்புறம் மூன்று முங்கு போட்டான். துண்டு இல்லை. என் கைலியை எடுத்துக் கொடுத்தேன்.

அவனைச் சிறை வாசலில் ஒப்படைத்துவிட்டுப் பாஸ்போர்ட்டை விரித்தேன். ரயில் வந்து சேர்ந்த நேரம் என்று 7.40 எழுதினேன்.